டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறதா? மனச்சோர்வில் பசி ஏன் காணாமல் போகிறது, எப்படிச் சமாளிப்பது?

"சாப்பிட்டாச்சுங்களா?"

திருப்பூரில் இது கேள்வி மட்டும் இல்லை, கிட்டத்தட்ட ஒரு வணக்கம். கம்பெனி கேட்டில், பேக்கரி வாசலில், போனில் என்று எங்கே பார்த்தாலும் முதலில் வருவது இதுதான். பதிலும் தயாராக இருக்கும்: "ஆச்சுங்க."

பல நேரம் அது உண்மை. சில நேரம் இல்லை.

ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓவர்லாக் டெய்லர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் எழுந்து, சமைத்து, குழந்தைக்கும் தனக்கும் டிபன் பாக்ஸ் கட்டி, 8.30 மணிக்கு மெஷினில் உட்கார்ந்துவிடுகிறார். மதியம் பெல் அடித்ததும் எல்லோருடனும்தான் உட்காருகிறார். இரண்டு வாய் உள்ளே போகிறது. மூன்றாவது வாய் தொண்டையில் நிற்கிறது. "காலையில நல்லா சாப்பிட்டுட்டேன்க்கா" என்று சொல்லி மூடி வைத்துவிடுகிறார். சாயங்காலத்துக்குள் நாலு டீ. இரவு வீட்டுக்கு வந்ததும், "கம்பெனியிலயே சாப்பிட்டேன்" என்கிறார்.

ஒரு மாதத்தில் சுடிதார் லூசாகிறது. கேஸ் டிரபிள் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்குகிறார். அப்புறம் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிறார். தூக்கம் சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. அதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்கே தோன்றவில்லை.

ஆனால் சம்பந்தம் இருக்கிறது.

பசி போவது திமிர் இல்லை, அறிகுறி

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். வேலை நெருக்கடி, கடன், ஷிப்மென்ட் தேதி எல்லாம் தருவது மன அழுத்தம். அது வரும், போகும். டிப்ரஷன் என்று சொல்லப்படும் மனச்சோர்வு வேறு. குறைந்தது இரண்டு வாரம், அநேகமாக தினமும், மனம் கனமாகவே இருப்பது அல்லது எதிலும் ஆர்வமே இல்லாமல் போவது. அதோடு தூக்கம், பசி, கவனம், உடல் தெம்பு எல்லாமே மாறிவிடும்.

உலகம் முழுக்க டாக்டர்கள் மனச்சோர்வைக் கண்டறியப் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளில் ஒன்பது கேள்விகள் உண்டு. அதில் ஐந்தாவது கேள்வியே பசி குறைவதையும், அளவுக்கு மீறிச் சாப்பிடுவதையும் பற்றியதுதான். ஆம், இரண்டுமே நடக்கும். மனச்சோர்வு உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பசி குறைகிறது. மூன்றில் ஒருவருக்கு அதிகமாகிறது.

ஏன் இப்படி? 2016-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு ஒரு துப்பு கொடுத்தது. மனச்சோர்வில் இருப்பவர்களிடம் உணவுப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பசி குறைந்தவர்களுக்கு மூளையில் இன்சுலா என்ற பகுதியின் நடுப்பாகம் மந்தமாக இருந்தது. வயிறு காலியா, தாகமா, நெஞ்சு படபடக்கிறதா என்று உடம்புக்குள் நடப்பதை நமக்குத் தெரியப்படுத்தும் பகுதி அது. பசி அதிகமானவர்களுக்கோ, உணவைப் பார்த்ததும் "வேண்டும்" என்று தூண்டும் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன.

எளிமையாகச் சொன்னால், வயிறு காலியாகத்தான் இருக்கிறது. அந்தத் தகவல் மேலே போய்ச் சேரவில்லை. மன நெருக்கடியில் சுரக்கும் சில ஹார்மோன்களும் பசியை அமுக்கலாம். ருசியும் மட்டுப்படும். பிடித்த பிரியாணிகூட பஞ்சு மாதிரி இருக்கும்.

அதனால், "வேணும்னே சாப்பிடாம அடம் பிடிக்கிறா" என்று வீட்டில் சொல்வது தவறு. அது அடமில்லை.

சாப்பிடாமல் இருப்பதே மனதை இன்னும் கெடுக்கும்

சரி, மனசு சரியானதும் பசி தானா வரும், அதுவரை காத்திருக்கலாமே என்று தோன்றலாம். இங்கேதான் சிக்கல்.

இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் கலந்துகொண்டார்கள். உடலும் மனமும் ஆரோக்கியமாக இருந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்கு வழக்கமான சாப்பாட்டில் சுமார் பாதிதான் கொடுக்கப்பட்டது. எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்களில் பலர் சோர்ந்து, எரிச்சல்பட்டு, யாருடனும் பேசப் பிடிக்காமல், கவனம் சிதறி, மனச்சோர்வில் இருப்பவர்களைப் போலவே ஆனார்கள்.

அதாவது மனச்சோர்வு பசியைக் கொல்கிறது. பட்டினி மனச்சோர்வை வளர்க்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றும் சக்கரம் இது. மனசு சரியாகும் வரை காத்திருந்தால் சக்கரம் நிற்காது. எங்காவது ஒரு இடத்தில் கை வைத்து நிறுத்த வேண்டும். மனதை நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது. ஐந்து வாய் சோற்றை உள்ளே அனுப்ப முடியும்.

திருப்பூரில் இது ஏன் கண்ணில் படுவதில்லை?

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பகுதி இந்த ஊரிலிருந்துதான் போகிறது. உள்ளூர்க்காரர்கள், தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் என லட்சக்கணக்கானோர் இங்கே வேலை செய்கிறார்கள். பலருக்கு காலை 8.30 முதல் இரவு 8.30 வரை "ஒன்றரை ஷிப்ட்". பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு சாப்பாட்டு நேரமும் காசுதான். அரை மணி நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் பீஸ் தைக்கலாம். பக்கத்து மெஷின்காரர் சாப்பிட்டாரா என்று யார் பார்ப்பது?

அடுத்தது டீ. காலை ஒன்று, மாலை ஒன்று என்பது கம்பெனிக் கணக்கு. அதற்கு நடுவிலும் ஓடும். சர்க்கரை போட்ட டீ கொஞ்ச நேரத்துக்கு வயிற்றை ஏமாற்றிவிடும். சிகரெட், பான் மசாலாவும் அப்படித்தான், நிகோடின் பசியை அமுக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் வெறும் வயிற்றில் குடிப்பவர்களுக்கு அன்றைய சாப்பாடும் போகும், தூக்கமும் கெடும், மனச்சோர்வும் கூடும்.

மூன்றாவது, தனிமை. ஹாஸ்டலிலும் வாடகை ரூமிலும் இருப்பவர் தட்டை யாரும் கவனிப்பதில்லை. ரூமில் ஆறு பேர் இருந்தாலும் ஆறு ஷிப்ட். "டயட்", "விரதம்" என்று சொல்லிவிட்டால் வீட்டிலும் கேள்வி வராது.

நான்காவது, ஆர்டர். இந்த ஊரின் நிம்மதி ஆர்டரோடு ஏறி இறங்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டபோதும், 2020 ஊரடங்கின்போதும் இதைப் பார்த்தோம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, அந்த நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனிகள் ஆடிப்போயின. வேலை குறைந்தால் முதலில் போவது தூக்கம், அடுத்தது பசி. இது தொழிலாளிக்கு மட்டும் இல்லை. மெர்ச்சண்டைசர், ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர், கடனில் பவர்டேபிள் போட்டவர் எல்லோருக்கும்தான்.

இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். காசில்லாமல் சாப்பிடாதது, நேரமில்லாமல் சாப்பிடாதது, பசியே இல்லாமல் சாப்பிடாதது மூன்றும் வேறு. முதல் இரண்டுக்கும் தீர்வு சம்பளத்திலும் இடைவேளையிலும் இருக்கிறது. 5 மணி நேர வேலைக்குள் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. கையில் காசு இருந்து, நேரமும் இருந்து, தட்டு முன்னால் இருந்தும் கை போகவில்லை என்றால், அது மூன்றாவது வகை.

வேறு நோயாகவும் இருக்கலாம்

பசியின்மை என்றாலே மனச்சோர்வு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காசநோய், தைராய்டு கோளாறு, மஞ்சள் காமாலை, குடல் புண், சர்க்கரை நோய், சில மாத்திரைகள் எல்லாமே பசியைக் குறைக்கலாம். ரத்தசோகையும் அப்படித்தான். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறையும்.

அதனால் முதல் வேலை ஒரு பொது மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்வது. அப்போது "பசியில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். "தூக்கம் வரலை, மனசு சரியில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் டானிக்கும் குளுக்கோஸும்தான் கிடைக்கும்.

குளுக்கோஸ் பற்றி ஒரு கணக்கு. சாதாரணமாக ஏற்றப்படும் 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. தோராயமாக ஒரு வாழைப்பழம் தரும் சக்தி. தண்ணீர்ச்சத்து குறைந்தவருக்கு டிரிப்ஸ் உயிர் காக்கும். ஆனால் அது சாப்பாட்டுக்கு மாற்று இல்லை.

பசிக்காகக் காத்திருக்க வேண்டாம்

மனச்சோர்வில் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு விதி: பசியைப் பார்க்காதீர்கள், மணியைப் பார்த்துச் சாப்பிடுங்கள். செல்லில் சார்ஜ் காட்டும் இண்டிகேட்டர் கெட்டுப்போனால் நேரம் பார்த்து சார்ஜ் போடுவோம் இல்லையா, அதே மாதிரி.

ஷிப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு இது ஒரு வகையில் சுலபம். நாள் ஏற்கெனவே பெல்லால் பிரிக்கப்பட்டிருக்கிறது. மூன்று வேளை முழுச் சாப்பாடு என்பதை விட்டுவிட்டு, அதே பெல்களில் ஐந்து சின்னச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

• கிளம்பும் முன்: ஒரு டம்ளர் பால் அல்லது சத்துமாவு கஞ்சி. இட்லி என்றால் ஒன்று போதும்.

• காலை டீ: டீயோடு ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை அல்லது அவித்த முட்டை. வெறும் டீ மட்டும் வேண்டாம்.

• மதியம்: சின்னக் கிண்ணத்தில் தயிர் சாதம். ஐந்து வாய் இலக்கு. ஆறாவது வாய் போனால் போனஸ்.

• மாலை டீ: வாழைப்பழம், சுண்டல் அல்லது கடலை மிட்டாய்.

• ஷிப்ட் முடிந்து: சூடாக ஒரு கரண்டி அரிசிம்பருப்பு சாதம், மேலே ஒரு ஸ்பூன் நெய். கொங்கு வீடுகளில் உடம்பு சரியில்லாதவருக்குச் செய்வதுதான். ஒரே குக்கரில் வேலை முடிந்துவிடும்.

30 கிராம் நிலக்கடலையில் சுமார் 170 கலோரியும் 7 கிராம் புரதமும் இருக்கின்றன. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அளவு குறைவாகச் சாப்பிடும் நாள்களில் இந்த மாதிரி, சின்னதாக இருந்தாலும் சத்து அடர்த்தியான உணவுதான் கை கொடுக்கும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள்:

• மெல்ல முடியவில்லையா? குடியுங்கள். கம்பங்கூழ், ராகிக் கூழ், மோர், பருப்புத் தண்ணி எல்லாம் சாப்பாட்டுக் கணக்குதான். பீகார்க்காரர்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் வறுத்த கொண்டைக்கடலை மாவான சத்துவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதும் இதேதான்.

• தாளிப்பு வாசமே குமட்டுகிறதா? ஆறிய உணவு உதவும். ருசி தெரியவில்லை என்றால் எலுமிச்சை, இஞ்சி, ஊறுகாய் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம்.

• தட்டில் குறைவாகப் போடுங்கள். நிறையப் போட்டு மிச்சம் வைத்தால், "சோத்தை வீணாக்கிட்டேன்" என்ற குற்ற உணர்ச்சி வேறு சேரும்.

• சமைக்கத் தெம்பு இல்லாத நாளுக்காக அடுப்பே தேவைப்படாத நாலு பொருள் வீட்டில் இருக்கட்டும்: பழம், கடலை, பிரெட், பால். கடையில் வாங்கிச் சாப்பிடுவதும் தப்பில்லை.

• சாப்பிடும் 10 நிமிடம் போனில் செய்தி, கடன் மெசேஜ் பார்க்க வேண்டாம். யாருடனாவது உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

• வாரம் ஒரு முறை, ஒரே மெஷினில் எடை பாருங்கள். தினமும் வேண்டாம்.

நல்ல சாப்பாடு மனதுக்கும் மருந்தாகுமா? 2017-ல் ஆஸ்திரேலியாவில் 67 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வில், உணவு ஆலோசனை பெற்றவர்களில் 32 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனால் நம்பிக்கை தருகிறது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையையும் தொடர்ந்துகொண்டிருந்தவர்கள். அதனால் உணவைச் சிகிச்சைக்குத் துணை என்று பார்க்க வேண்டும், மாற்றாக இல்லை.

மாத்திரை போட்டால் பசி இன்னும் குறையுமா?

மனச்சோர்வுக்கு முதலில் கொடுக்கப்படும் பல மாத்திரைகள் ஆரம்ப ஒன்றிரண்டு வாரம் குமட்டலைத் தரலாம். பெரும்பாலும் தானே சரியாகும். சாப்பிட்ட பிறகு போட்டால் குறையும். மனநிலை தெளிய பல வாரங்கள் ஆகலாம். "போட்டதும் வாந்தி வருது" என்று மூன்றாவது நாளே நிறுத்திவிடுபவர்கள் அந்தப் பலனைப் பார்ப்பதே இல்லை. நிறுத்துவதற்குப் பதில் டாக்டரிடம் சொல்லுங்கள். பசியையும் தூக்கத்தையும் கூட்டும் தன்மை உள்ள மாத்திரைகளும் உண்டு. எது யாருக்கு என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் பசி தூண்டும் சிரப் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. சைப்ரோஹெப்டடின் போன்ற மருந்து அடங்கிய சிரப்புகள் தூக்கக் கலக்கம் தரும். கட்டிங் மெஷின் முன்னால் நிற்பவருக்கும், இரவில் பைக் ஓட்டி வீடு திரும்புபவருக்கும் அது ஆபத்து.

வீட்டில், ரூமில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

"உனக்கென்ன குறைச்சல்?", "குழந்தைக்காகவாவது சாப்பிடு", "இப்படியே இருந்தா செத்துப்போயிடுவே". எல்லாமே அக்கறையில் வருபவைதான். கேட்பவருக்கு அது இன்னொரு பாரம்.

அதற்குப் பதில்: "நான் சாப்பிடப்போறேன், நீயும் பக்கத்துல உக்காரு." ஒரு சின்னத் தட்டு வையுங்கள். எத்தனை வாய் என்று எண்ணாதீர்கள். மிச்சம் வைத்தால் திட்டாதீர்கள். "இட்லியா, கஞ்சியா?" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். "என்ன வேணும்?" என்ற பெரிய கேள்விக்குப் பதில் யோசிக்கக்கூட மனச்சோர்வில் தெம்பு இருக்காது. ஆஸ்பத்திரிக்கு "போ" என்று சொல்லாமல் கூடவே போங்கள்.

லைன் சூப்பர்வைசர்களுக்கும் ஹாஸ்டல் வார்டன்களுக்கும் ஒரு வார்த்தை: தொடர்ந்து சாப்பாட்டைத் தவிர்ப்பவர், எடை குறைந்தவர், திடீரென்று தையலில் தப்பு அதிகமாகிறவர் என்றால் திட்டும் முன் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

• ஒரு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால். 60 கிலோ இருந்தவர் 57-க்கு வந்துவிட்டால்.

• தண்ணீர்கூட இறங்கவில்லை, மயக்கம், சிறுநீர் மிகக் குறைவு என்றால்.

• சர்க்கரை நோய் மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர் சாப்பாட்டைத் தவிர்த்தால். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

• கர்ப்பிணிகள், பிரசவமாகி சில மாதங்களே ஆன பெண்கள் சாப்பிடாமல் இருந்தால்.

• ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட எதுவும் சாப்பிடவில்லை என்றால். இவர்கள் ஒரேயடியாக நிறையச் சாப்பிடவும் கூடாது, ரத்தத்தில் உப்புகளின் அளவு திடீரென மாறி இதயத்தைப் பாதிக்கலாம். டாக்டர் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

• "இருந்து என்ன பண்ணப்போறேன்" என்ற பேச்சு வந்தால். அன்றைக்கே உதவி தேவை. அவரைத் தனியாக விடாதீர்கள்.

திருப்பூரில் எங்கே போகலாம்?

தாராபுரம் ரோட்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை இலவசம். இஎஸ்ஐ பிடிக்கப்படும் தொழிலாளர்கள், அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள், இஎஸ்ஐ மருந்தகம் வழியாகவும் போகலாம். தேவையான நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்து, டாக்டர் சான்று இருந்தால், நோய்க்கால விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். "லீவு போட்டா சம்பளம் போயிடும்" என்று தள்ளிப்போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

போனிலேயே பேச வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பட்ட இந்தச் சேவை 24 மணி நேரமும் இலவசம். தமிழில் பேசலாம். இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் ரூம்மேட்டுக்கும் இதே எண்ணைக் கொடுக்கலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும், சென்னையிலிருந்து இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் 044-24640050 எண்ணிலும் பேசலாம். 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவமனையின் கடமை.

சிகிச்சை தொடங்கியதும் ஒரே நாளில் பசி திரும்பாது. ஒரு நாள் மதியம் ஐந்து வாய் எட்டாகும். இன்னொரு நாள் மறுபடி மூன்றாகும். அது தோல்வி இல்லை, அடுத்த பெல்லுக்கு மறுபடி உட்கார்ந்தால் போதும். என்றைக்காவது பேக்கரி பக்கம் போகும்போது முட்டை பப்ஸ் வாசம் மூக்கில் ஏறி, நின்று பார்க்கத் தோன்றும்.

அதுவரை, பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் "சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டு, "ஆச்சுங்க" என்றதும் நகர்ந்துவிட வேண்டாம். "என்னங்க சாப்பிட்டீங்க? வாங்க, ஒண்ணா உக்காரலாம்" என்று இன்னும் ஒரு வரி கேட்டுப் பாருங்கள்.